தாய்மாரின் மாத்திரையும் கணவர்மாரின் கடமையும்

 

தாய் கர்ப்பத்தில் படும் தளர்ச்சியைத் திருமறையின் லுக்மான் அத்தியாயம் எடுத்துரைத்து, பெற்றோருக்கு நன்றி செலுத்தும்படி நம்மைப் பணிக்கிறது. அந்தத் தளர்ச்சியைக் குறைக்க நாம் செய்வதென்ன?

கர்ப்பிணிகள் நாள்தோறும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச் சத்தும் 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் உட்கொள்ள வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரத்தம் குன்றிய தாய்க்குப் பிரசவ இரத்தப்போக்கைத் தாங்கும் சக்தி குறைவு. குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம். இருந்தும், கிளினிக்கில் கொடுத்த மாத்திரை பல வீடுகளில் அலமாரியிலேயே கிடக்கிறது.

காரணங்கள் பல. சிலருக்குக் குமட்டல், மலச்சிக்கல். சிலர் மலம் கறுப்பாவது கண்டு அஞ்சுவர். அது இரும்பின் இயல்பே. "பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதுமுண்டு. மாத்திரை உறை ஹலாலா என்ற ஐயமும் உண்டு. வேலை மிகுதியில் மறந்துபோவோரே அநேகர்.

இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. குமட்டினால் உணவுக்குப் பின்னோ, படுக்கும் முன்னோ விழுங்கலாம். தேத்தண்ணீரும் காப்பியும் இரும்பை உடலில் சேரவிடா. ஓரிரு மணி நேரம் தள்ளியே குடிக்க வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சுச் சாறு துணைசெய்யும். உறையில் ஐயமிருந்தால் மருந்தாளரிடம் கேட்டு வேறு மாத்திரை பெறலாம், தானாக நிறுத்தலாகாது. ரமலானில் கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. மருத்துவர் சம்மதத்துடன் நோன்பு நோற்பவர் நோன்பு திறந்தபின் விழுங்கலாம்.

வியாபாரிகளாகிய நாம், கடையில் எத்தனை மூட்டை அரிசி இருக்கிறதென்பதைத் தூக்கத்திலும் சொல்வோம். வீட்டில் எத்தனை மாத்திரை மீதியிருக்கிறதென்று அறிவோமா? கல்லாவைப் பூட்டி இரவில் வீடு திரும்பியதும், "இன்று மாத்திரை சாப்பிட்டாயா?" என்று அன்போடு கேட்டு, ஒரு குவளைத் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பது நமக்குப் பாரமா? கணவர் கேட்கும் வீட்டில் மறதி குறையும். பெரியவர்களின் அச்சமும் அடங்கும். பரிசோதனை நாளில் ஒருவேளை கடையைப் பிறரிடம் ஒப்படைத்து, மனைவியுடன் நாமும் செல்வோமாக.

தவக்குல் என்பது முயற்சியைக் கைவிடுவதன்று. ஒட்டகத்தைக் கட்டிய பின்பே அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. நம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி மறுமையில் கேட்கப்படுவோம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். கடைக் கணக்கைவிட அந்தக் கணக்கு பெரிது.

நம் தாய்மாருக்கும் சேய்களுக்கும் வல்ல அல்லாஹ் நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.