பசித்தவரிடம் எதைக் கேட்கலாம்?

சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலத்துக்குக் காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. அங்கே எல்லா மாணவருக்கும் சோறு உண்டு. ஆனால் பிராமண மாணவர் சிலருக்கு மட்டும் தனிப்பந்தி. விஷயம் வெளியே தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள். பேச்சு காந்தி வரை போனது.  1925இல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

சோறு போதவில்லை என்று அங்கே யாரும் சண்டையிடவில்லை. சாப்பிட வந்தவரிடம் பிறப்பைக் கேட்கலாமா என்பதுதான் வழக்கு.

வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலை எதையுமே கேட்பதில்லை. ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்றவருக்குப் பசி ஒன்றே போதிய தகுதி. அரசால் அப்படி இருக்க முடியுமா? பொதுப்பணம் அளவானது, யாருக்கு முதலில் என்று வரிசைப்படுத்தித்தான் ஆக வேண்டும். விதி வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. அது பசியை அளக்கிறதா, வேறெதையோ அளக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ மாணவர் சேர, பெற்றோரின் ஆண்டு வருமானம் அரசு வைத்த வரம்புக்கு மிகக் கூடாது. வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மாணவியருக்குத் தூர விதி இல்லை. தங்க இடம் கொடுக்கத் தூரம் கேட்பது நியாயம். ஆனால் சோறும் அந்த இடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது. 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் திருநெல்வேலி டவுனிலிருந்து பேட்டை அரசு ஐடிஐக்கு வரும், பீடி சுற்றும் தாயின் மகனுக்கு அந்தச் சோறு எட்டாது.

காமராஜர் 1956இல் அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆரின் 1982 சத்துணவாக வளர்ந்து, இன்று 10ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பள்ளியில் சாப்பிட்ட பையன், சில மாதம் கழித்து ஐடிஐயில் சேர்ந்ததும் தகுதி இழக்கிறான். பட்டறையில் நின்றபடி அரம் பிடித்து இரும்பை ராவும் உடம்புக்குப் பசி கூடத்தான் செய்யும்.

அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் உயர்கல்வி மாணவருக்குத் தரும் மாதம் 1,000 ரூபாய் பெரிய உதவிதான். என்றாலும் பணம் வீட்டுக் கடனில் கரைந்துவிடலாம். தட்டில் விழுந்த சோறு மட்டுமே மாணவரின் வயிற்றுக்குப் போகும்.

பழனி முருகன் கோயில் தான் நடத்தும் பள்ளி, கல்லூரி மாணவருக்கு 2022 முதல் காலைச் சிற்றுண்டி போடுகிறது. கல்லூரியில் படிப்பவரின் பசியும் அன்னதானத்தில் அடங்கும் என்று அந்தக் கோயில் ஏற்றுக்கொண்டுவிட்டது. தாமிரபரணிக் கரைக் கோயில்களும் அரசும் கைகோத்தால், பேட்டை ஐடிஐயிலும் ராணி அண்ணா மகளிர் கல்லூரியிலும் மதியச் சாப்பாடு போட முடியும். விடுதி இடத்துக்கு வருமானச் சான்று கேட்கட்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு மாணவர் அடையாள அட்டை போதும்.