நம்பியவர் மீதா பழி?

வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டை அணிந்த ஒருவர். அவருக்குப் பின்னால் சுவரில் அசோகச் சின்னம், மேசையில் கோப்புகள். "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. கேமராவை அணைக்கக் கூடாது. வீட்ல யார்கிட்டயும் பேசக் கூடாது." கேட்டுக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் வாழ்நாளில் காவல் நிலையப் படி ஏறாத ஓய்வூதியக்காரர். கணக்கைச் சரிபார்க்க வேண்டும், பணத்தை இந்த எண்ணுக்கு மாற்றுங்கள் என்பார்கள். கை நடுங்க மாற்றிவிடுவார். 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று சட்டத்தில் கிடையவே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டியிருந்தது.

பணம் போனபின் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இவ்வளவு படிச்சும் எப்படி ஏமாந்தீங்க?" என்பதுதான். விசாரணைபோல் தோன்றினாலும் அது தீர்ப்பு. ஏமாற்றியவன் எங்கோ, முகமில்லாமல் இருக்கிறான். ஏமாந்தவர் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். பழி கைக்கெட்டியவர் மேல் விழுகிறது. அது நியாயமா?

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. ஆராயாமல் நம்புவதும் தீராத துன்பம், ஆராய்ந்து நம்பியவரிடம் பிறகு ஐயம் கொள்வதும் தீராத துன்பம் என்கிறது அதன் கடைசிக் குறள். முன்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு ஏமாந்தவரைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அந்த அறிவுரை அரசனுக்குச் சொன்னது. அவனுக்கு அமைச்சர் உண்டு, ஒற்றர் உண்டு, ஆற அமர எண்ணிப் பார்க்க அவகாசமும் உண்டு. மோசடிக்காரன் முதலில் பறிப்பது பணத்தை அல்ல, இந்த மூன்றையும்தான். யாரிடமும் பேசாதே, இப்போதே செய், அழைப்பைத் துண்டிக்காதே என்ற மூன்று கட்டளைகளால் ஆராயும் வழிகளையெல்லாம் அடைத்துவிடுகிறான். ஆராய விடாமல் செய்துவிட்டு, ஆராயவில்லையே என்று குற்றம் சாட்டுவதில் அறம் இல்லை.

2002இல் பி.பி.சி.யின் ரீத் சொற்பொழிவுகளில் தத்துவவாதி ஒனோரா ஓநீல் பேசியது நம்பிக்கையைப் பற்றித்தான். மக்களிடம் நம்பிக்கை குறைந்துவிட்டதே என்று கவலைப்படுவதைவிட, நம்பப்படுகிறவர்கள் அதற்குத் தகுதியானவர்களா என்று பார்ப்பதே முக்கியம் என்ற நிலைப்பாடு அவருடையது. அந்தக் கேள்வி நேரே வங்கியின் வாசலுக்குப் போகிறது.

நம்பி ஒப்படைத்ததைக் காக்கும் பொறுப்புக்கு இஸ்லாத்தில் அமானிதம் என்று பெயர். மக்காவில் நபிகள் நாயகத்தைக் கொல்லச் சதி நடந்த நேரத்திலும், அவரை எதிர்த்தவர்களின் பொருள்கள்கூட அவரிடம்தான் பாதுகாப்பாக இருந்தன. மதீனாவுக்குப் புறப்படும்போது, அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வருமாறு தம் உறவினர் அலி அவர்களை விட்டுச் சென்றார் என்கிறது நபி வரலாறு. ஒப்படைத்தவர் எதிரியா, ஏமாளியா என்பது அங்கே கணக்கில் வரவே இல்லை. காப்பது முழுக்க முழுக்கப் பெற்றுக்கொண்டவரின் கடமை.

2016இல் ஏ.டி.எம். சேவை நடத்திய ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்குள் தீய மென்பொருள் புகுந்தது. சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் பாதுகாப்பு கேள்விக்குறியானது. பின் நம்பரை யாரிடமும் சொல்லாமல், கையால் மறைத்துக்கொண்டே அழுத்தியவர்களின் கார்டுகளும் அவற்றில் இருந்திருக்கும். விழிப்பாக இருங்கள் என்று வாடிக்கையாளருக்கு நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்புவதோடு காப்பவரின் கடமை முடிந்துவிடுவதில்லை.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகள் இதில் பாதித் தூரம் வந்தன. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ஓட்டை மூன்றாம் தரப்பில் இருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தாலும் இழப்பு இல்லை. ஆனால் ரகசிய எண்ணை அவரே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவர் தலையில்தான். மிரட்டலுக்குப் பயந்து சொன்னவரையும் அசட்டையாகச் சொன்னவரையும் ஒரே தராசில் நிறுத்தியது பெரிய குறை. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், ஏமாற்றப்பட்டுத் தாமே உள்நாட்டுக் கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கும் 85,000 பவுண்டு வரை ஈடு உண்டு. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் அதைச் சரிபாதியாக ஏற்கின்றன. பெற்ற வங்கியையும் பொறுப்பாக்கியதுதான் இதில் மெச்ச வேண்டியது. திருட்டுப் பணம் போய் இறங்க ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததும் ஒரு வங்கிதானே?

பழி உண்மையாகவே பொருந்தும் இடம் ஒன்று உண்டு. கமிஷனுக்காகத் தன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் முன்பின் தெரியாதவரிடம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களும் இதில் சிக்குகிறார்கள். எங்கோ ஒரு முதியவரின் சேமிப்பு அந்தக் கணக்கு வழியாகத்தான் மறைகிறது. அது ஏமாறுவது அல்ல, துணைபோவது.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை என்பதை வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளின் கடமை. அதைவிட அவசரமானது, தவறு நடந்தால் அவர்கள் கூசாமல் வந்து சொல்லக்கூடிய வீடு. வெட்கத்தில் இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தால் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து ஏ.டி.எம். வழியாக வெளியேறிவிடும். இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே அழைத்தால், பணம் போன கணக்குகளை வங்கிகள் முடக்க வாய்ப்பு உண்டு. "எத்தனை மணிக்குப் போச்சு, எந்த பேங்க்?" என்ற கேள்விதான் அப்போது முதலில் வர வேண்டும்.