அழுக்கும் தேய்மானமும்

சைவ சித்தாந்த வகுப்பில் குற்றம் என்றாலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றுதான். செம்பில் களிம்பு, நெல்லில் உமி. ஒட்டியது போனால் உள்ளே இருப்பது தானாகத் துலங்கும் என்பது நம்பிக்கை. பரிகாரங்களும் அதற்கேற்றபடிதான்: தீர்த்தமாடு, நீறு பூசு, நோன்பிரு, உருகி அழு.

கரூரில் பசுபதீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஞாயிறு காலையில் நடக்கும் அந்த வகுப்பை முடித்துக்கொண்டு, நேராக வந்து வீல் அலைன்மென்ட் கடையைத் திறக்கிறவன் நான். ஒட்டியதை நீக்குவது எனக்கு அடுத்த கடைக்காரர் பிழைப்பு; அவர் வாட்டர் வாஷ். என்னிடம் வருவதெல்லாம் குறைந்துபோனவை. டை ராடு எண்ட், ரேக் எண்ட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட். இவற்றில் கெட்டுப்போனதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால், வேண்டாதது ஏதும் ஒட்டியிருப்பது பெரிதில்லை. இருக்க வேண்டிய இரும்பு இல்லை. எத்தனை முறை கழுவினாலும் அது திரும்பி வராது. மனுஷனுக்குள்ளும் இப்படித் தேய்மானம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது எந்த இடத்தில்? அதையும் களிம்புக்குச் சொன்ன மருந்தாலேயே தீர்க்கப் பார்க்கிறோமா? வெகுநாளாக மண்டையைக் குடையும் சந்தேகம் இது.

டை ராடு எண்டைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் ரேக்கிலிருந்து இரண்டு பக்கமும் கம்பி போகிறது. அதன் நுனியில் ஓர் இரும்புக் குண்டு, கிண்ணத்துக்குள் கிரீஸில் உட்கார்ந்திருக்கும். குண்டின் தண்டு சக்கரத்தைத் திருப்பும் நக்கிளுக்குள் இறங்கி, நட்டு போட்டு, காட்டர் பின்னால் பூட்டப்பட்டிருக்கும். நீங்கள் நினைத்த திசை சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வழியில் கடைசி மூட்டு இதுதான். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் குண்டு கிண்ணத்துக்குள் புரளும். கிண்ணத்தின் வாயை மூடிக்கொண்டு ஒரு ரப்பர் பூட். அது முழுசாக இருக்கும்வரை உள்ளே வருஷக்கணக்கில் ஒன்றும் ஆகாது. வெயிலில் வெடித்தோ, கல் பட்டோ, அவசரக்கார மெக்கானிக் கையில் கிழிந்தோ வாய் திறந்துவிட்டால் மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே போகும், அரைக்க ஆரம்பிக்கும். ஆக, ஆரம்பம் அழுக்குத்தான். வகுப்பு வாத்தியார் கட்சிக்கு அதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் அரைத்து முடிந்த பிறகு அழுக்கைத் துடைத்தெடுத்தால் பள்ளம்தான் மிஞ்சும்.

பூட் கிழியாமலும் தேயும். சும்மா நிற்கிற வண்டியைவிட ஓடுகிற வண்டியில்தான் குண்டு தேய்கிறது. தன் வேலையைச் செய்ததால் தேய்ந்தது. இதில் எந்தப் பாவத்தைக் கண்டுபிடிப்பது?

வருகிறவர்களில் பாதிப்பேர், “ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்குது, அலைன்மென்ட் மட்டும் போட்டுக் குடுங்க” என்பார்கள். முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பேன். லொடக்கென்றால் டை ராடு பக்கம் ஆட்டம். பன்னிரண்டும் ஆறும் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் லொடக்கென்பது பால் ஜாயிண்டோ பேரிங்கோ. “இதை மாத்தாம அலைன்மென்ட் போடக் கூடாதுங்க” என்றால், மேல்வரும்படிக்கு வழி பண்ணுகிறேன் என்று நினைக்கிற முகம் எனக்கு நன்றாகத் தெரியும்.

உண்மை என்னவென்றால், ஆட்டமுள்ள வண்டிக்கும் அலைன்மென்ட் போடலாம். மெஷின் மறுக்காது. வண்டி நிற்கும்போது தேய்ந்த குண்டு கிண்ணத்தின் ஏதாவதொரு ஓரத்தில் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வை வைத்து லாக் நட்டை முறுக்கினால் திரையில் எல்லாக் கட்டமும் பச்சை காட்டும். பைபாஸில் வேகம் பிடித்ததும் குண்டு எதிர் ஓரத்துக்குப் போய்விடும். அந்தப் பச்சை, நின்ற வண்டிக்குத்தான் பொருந்தும். சக்கரங்களின் நேர் என்பதே ஓட்டத்தைச் சேர்ந்த விஷயம். பின்சக்கரம் தள்ளும் பழைய வண்டிகளில் முன்சக்கரங்களைக் கொஞ்சம் உள்பக்கம் பார்த்தபடி வைப்போம். ஓடும்போது தரையின் இழுவையில் அவை விரிந்து நேராகும் என்ற கணக்கு. நிற்கையில் கோணலாக வைத்தால்தான் ஓடுகையில் நேர் வரும். கணக்கு தப்பினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விவரம்: டோ என்கிற இந்த உள்-வெளிக் கோணம் 1 டிகிரி பிசகிய டயர், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. உருண்டுகொண்டே இழுபடுவதால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையை டயரின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள்: ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பம்.

மாலை போட்டு ஒரு மண்டலம் சுத்தமாக இருந்துவிட்டு, கழற்றிய அன்றே பழைய இடத்துக்குப் போகிறவர்களைப் பொய் பக்தர்கள் என்று நான் ஏசுவதில்லை. அந்த விரதம் நிஜம். பச்சை காட்டியது. மூட்டில் ஆட்டம் இருந்தது.

வகுப்பில் இந்தத் தேய்மானச் சந்தேகத்தைக் கேட்டேன். வாத்தியார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் உரையோடு மனப்பாடமாகச் சொல்வார். “ஆன்மா தேயாது தம்பி. அது நித்தியம். ஆணவம்ங்கிற களிம்பும் அநாதி, அதுவும் அழியாது. அதன் சக்தி மடங்கும், அவ்வளவுதான். நீ சொல்ற தேய்மானத்துக்கு இங்க இடமே இல்லை” என்றார்.

இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சித்தாந்தம் ஆன்மாவைத் தனியாக விட்டுவிடவில்லை, கருவிகளைக் கொடுத்திருக்கிறது. மொத்தத் தத்துவம் 36. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்களும் ஆன்மா அல்ல, மாயையிலிருந்து வந்த சடப்பொருள் என்கிறது. வேதாந்தம் படிக்கிற நண்பர் ஒருவர் கடோபநிடதத்தின் தேரை எடுத்துக்கொண்டு வருவார்: புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள். குதிரை அடங்கவில்லை என்றால் சாரதியைக் குறை சொல்லலாம், குதிரையைக் குறை சொல்லலாம். நைந்துபோன கடிவாளத்தைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. (உதிரிபாகங்களைத் தவிரத் தேர் என்று தனியாக ஒன்று உண்டா என்று மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்ட கேள்வியையும் அவர் கொண்டுவருவார். அது எங்களைத் தொந்தரவு செய்வதில்லை. எல்லாவற்றையும் மாற்றினாலும் சேசிஸ் நம்பர் மாறாதவரை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அதே வண்டிதான்.)

சித்தாந்தத்துக்குள்ளேயே எனக்குச் சாட்சி கிடைத்தது. மாயையின் கருவிகளை விடியும்வரை உதவும் விளக்குக்கு ஒப்பிடுகிறார்கள் பெரியவர்கள். ஆணவ இருட்டில் கிடக்கும் உயிருக்கு அந்த விளக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம். சரி, விளக்கு என்று ஒப்புக்கொண்டால் எண்ணெய் குறையும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே? இருள் வேறு, எண்ணெய் குறைவு வேறு. இருள் உயிரோடு எப்போதும் இருந்தது. எண்ணெய், எரிந்ததனால் குறைந்தது. பொறுமை குறைந்த மனுஷனைப் பார்த்து ஆணவம் தலைக்கேறிவிட்டது என்கிறோமே, சில சமயம் அது இருளே இல்லை. திரி காய்ந்து கருகுகிறது.

என் அக்கா மாமியாரைப் படுக்கையில் வைத்து வருஷக்கணக்கில் பார்த்தாள். துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. கடைசிக் காலத்தில் அடிக்கடி வாய்க்கு வந்தபடி கத்திவிடுவாள். ஒருநாள் கிழவியின் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அழுதுகொண்டே கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் முழுகி, அங்கிருந்து பழனிக்கு நடந்தாள். திரும்பி வந்ததும் சில நாள் குரல் தாழ்ந்திருக்கும். பிறகு மறுபடியும் லொடக். “எனக்குள்ள பேய் பூந்திருச்சுடா” என்பாள். “பேயும் இல்லை ஒண்ணும் இல்லை, உனக்கு ஆட்டம் வந்திருச்சு” என்றேன். நாத்தனாரிடம் நானே போய்ப் பேசினேன். கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். மூன்று மாதத்துக்குக் கிழவி அங்கே போனார். முதல் வாரம் அக்கா தூங்கினாள். வேறெதுவும் செய்யவில்லை. கிழவி திரும்பி வந்தபோது, ராத்திரிப் புரட்டலுக்குத் தனியாக ஆள் வைத்தோம். அதற்கப்புறம் அவள் எடுத்த கந்த சஷ்டி விரதம் நிலைத்து நின்றது. காவிரியில் முழுகியது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வரிசை மாறிப்போயிருந்தது.

இதைச் சொன்னதும் வாத்தியார் கோபப்பட்டார். அவர் கோபம் நியாயமானதுதான். “தேய்மானம்னு ஆரம்பிச்சா பொறுப்பு எங்கடா போகும்? பொண்டாட்டியை அடிக்கிறவனும் நான் தேஞ்சுட்டேன்பான். லஞ்சம் வாங்குறவன் நேர்மை தேஞ்சு போச்சும்பான். களிம்புன்னு சொன்னாலாவது அவனுக்கு வெட்கம் வரும்.”

இதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு நாளாயிற்று. பதில் அந்த ரப்பர் பூட்டில் இருக்கிறது. ஆட்டம் ஒரே நாளில் வருவதில்லை. பூட் கிழிந்ததை யாராவது பார்த்திருப்பார்கள். பிறகு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டக் என்று சின்னச் சத்தம் கேட்டிருக்கும். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ரேடியோ சத்தத்தைக் கூட்டியிருப்பார் வண்டிக்காரர். பொறுப்பு அங்கே இருக்கிறது. நெடுஞ்சாலையில் குண்டு கிண்ணத்தைவிட்டுக் கழன்று, சக்கரம் தன் போக்கில் திரும்பிக்கொண்ட அந்த நொடியில் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சத்தம் கேட்ட நாளில் இருந்தது. லஞ்சம் வாங்குகிறவனிடமும் இதையே கேட்பேன். முதல் கவர் வந்த அன்று உள்ளே டக் என்றதா இல்லையா? என்றது என்றால் கணக்கு அன்றிலிருந்து ஆரம்பம். வாத்தியார் சொல்வதைவிட நான் சொல்வதில் பொறுப்பு அதிகம். கொஞ்சம் முன்தேதியிட்டு வருகிறது, அவ்வளவுதான். பெண்டாட்டியை அடிக்கிறவனைப் பொறுத்தவரை, வண்டியை முதலில் ரோட்டிலிருந்து இறக்கு, பார்ட்ஸ் பேச்செல்லாம் பிறகு.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. தேய்மானத்தை ஓட்டுகிறவரால் உணர முடிவதில்லை. இழுக்கிற வண்டியைக் கை தானாகவே எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ளும். நாளாக நாளாக அந்தக் கோணலே நேராகிவிடும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரும் மனைவி, “ஏனுங்க, ஸ்டியரிங்கைச் சாய்ச்சுப் புடிச்சுட்டே ஓட்டறீங்க” என்றால், “இல்லையே” என்பார் மனசாரப் பொய் சொல்லாமல். கடையிலும் இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாக அசைக்க, இன்னொருவர் கீழே படுத்து ஜாயிண்டின் மேல் கை வைத்திருக்க வேண்டும். மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே இருக்கும் விரலுக்குத் தெரியும்.

வாத்தியார் இதைப் பிடித்துக்கொண்டார். “அதுதான் குரு! எட்டாம் சூத்திரத்துக்கு நீயே வந்துட்டே.” அந்தச் சூத்திரத்தில், ஐம்புல வேடர்களிடம் வளர்ந்து தன்னை மறந்த உயிருக்கு இறைவனே குருவாக வந்து உணர்த்துகிறான். வேடர் குடியில் வளர்ந்த அரச குமாரனைப்போல என்று விரித்துச் சொல்வது வழக்கம். “அந்தப் பையன் மேல களிம்பு இருக்கா? தேய்மானம் இருக்கா? அவன் யாருன்னு அவனுக்குத் தெரியலை. சொன்னா தெரிஞ்சுடுது. உன் பார்ட்ஸும் வேண்டாம், என் களிம்பும் வேண்டாம்.”

குருவின் வேலையையும் பக்கத்து சீட்டின் வேலையையும் அவர் ஒன்றாக்கியதை நான் ஏற்கவில்லை. மூட்டில் ஆட்டம் என்று சொல்வதற்கு ஞானம் தேவையில்லை, தினமும் கூட வந்தால் போதும். அது போகட்டும். இளவரசன் கதை வலுவானதுதான். ஆனால் அத்தனை வருஷம் காட்டில் வில் வளைத்த கை அது. நீ அரச குமாரன் என்று அப்பா வந்து சொன்ன மறுநாள் காலையில் அந்தத் தோளும் விரலும் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உரையில் அது இல்லை, பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றார்.