பெயரிடும் உரிமை யாருக்கு?

நூலகத்தில் உயர்வு தாழ்வு இல்லை, அங்கே அறிவு ஒன்றே அரசோச்சுகிறது என்று நம்புகிறோம். நல்ல நம்பிக்கைதான்! ஆனால், நூலுக்கும் வாசகனுக்கும் இடையே நிற்கும் ஒரு சொல்லை நாம் கவனித்தோமா? நூல் எதைப் பற்றியது என்று உரைக்கும் பொருள் தலைப்பு அது. அச்சொல்லைத் தேர்ந்தவர் யார்? எந்த உரிமையில் தேர்ந்தார்?

சொல்லுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. எங்கள் நூம்பலுக்கு அருகிலுள்ள ஊரை ஓர் ஏடு பூந்தமல்லி என்கிறது. இன்னொன்று பூவிருந்தவல்லி என்கிறது. ஆங்கில ஆவணமோ பூனமல்லி என்கிறது. ஒன்றைத் தலைப்பாக்கி, மற்ற இரண்டின் கீழ் ‘இதனைக் காண்க’ என்று எழுதாவிடில், தேடுவோன் ஒரு பங்கை மட்டுமே கண்டு திரும்புவான்.

ஊர்ப்பெயரில் இது வசதி, மக்கட்பெயரிலோ மானம்! 1922இல், நீதிக்கட்சி ஆட்சியில், எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானத்தை ஒட்டி, பஞ்சமர், பறையர் என்ற சொற்களுக்கு மாற்றாக ஆதி திராவிடர் என்று அரசு ஏடுகளில் எழுத ஆணை பிறந்தது. அழைத்தவன் சொல் வீழ்ந்தது. அழைக்கப்பட்டவன் சொல் ஏடேறியது.

அமெரிக்காவிலும் இப்போர் நடந்தது. குடியேறிய மக்களைச் ‘சட்டவிரோத அந்நியர்’ என்று குறித்த தலைப்பை மாற்றுமாறு டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 2014இல் கேட்டனர். அந்நாட்டுக் காங்கிரசு நூலகம் அதை மாற்ற 2021 ஆயிற்று. ஒரு சொல்லை அகற்ற ஏழாண்டுகள்!

ஆகவே, தொலைவிலுள்ள பட்டியலுக்காகக் காத்திராமல், சிறப்புத் தொகுப்புகளை உடைய நூலகங்கள் தமக்கெனச் சொற்பட்டியல் வகுத்தல் நன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994 முதல் அவர் பெயர் தாங்கிய சென்னை ஆராய்ச்சி நூலகத்தில் உள்ளன. அத்தகைய செல்வத்தை அயல்நாட்டுச் சொல்லால் மட்டும் அளக்க முடியுமா? ‘துயரப் பாடல்’ என்று பொதுப்பட எழுதினால் ஒப்பாரியின் உயிர் அதில் அடங்குமா?

“ஆளுக்கொரு பட்டியல் இருந்தால் உலகம் எப்படித் தேடும்?” என்று கேட்பர். நேர்மையான கேள்வி. நம் சொல்லின் அருகே உலகப் பட்டியலின் சொல்லையும் இணைத்துவிட்டால், இரு வழியாகவும் வரலாம்.

இதனினும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. இழிசொல்லை அடியோடு அழித்துவிடலாமா? அழித்தால், இழிவு செய்தவனின் கைரேகையும் அழியுமே! பழைய நூலின் பெயரைத் திருத்த நமக்கு உரிமையில்லை, அது சான்று. ஆனால் தலைப்பு நம் சொல். அதற்கு நாமே பொறுப்பு. எனவே, நூற்பெயர் இருந்தபடி இருக்கட்டும். தலைப்பு மதிப்போடு அமையட்டும். பழஞ்சொல்லைக் கொண்டு தேடுவோனுக்கு ‘காண்க’ என்ற குறிப்பு வழிகாட்டட்டும்.

பட்டியலை வகுத்தால் மட்டும் போதாது, வெளியிடவும் வேண்டும். மேசை அறைக்குள் பூட்டிய பட்டியல், வகுத்தவர் நல்லவரேயாயினும், ஆதிக்கமே! எச்சொல், ஏன் ஏற்றோம், எந்நாளில் மாற்றினோம் என்று எழுதி ஊரறிய வைத்தால், அச்சொல்லால் குறிக்கப்படுவோரும் வந்து வினவ முடியும். இன்று மதிப்பாகத் தோன்றும் சொல் நாளை உறுத்தலாம். அன்று அதையும் மாற்றும் துணிவு வேண்டும்.

பெயரிடுவது அறிவின் வேலை. பெயரிடப்பட்டவனைக் கேட்டுப் பெயரிடுவதே அறம்.