பேழையில் வவ்வாலுக்கும் இடம் இருந்தது



ஒரு பிராணியால் நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பால் தராது, ஏர் இழுக்காது, பார்க்கவும் அழகில்லை. அது பூமியிலிருந்து அடியோடு அழிந்துபோனால் நாம் தேவனுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டுமா? அல்லது "போனா போகட்டும், நமக்கென்ன?" என்று இருந்துவிடலாமா?

இதற்கு ஒரு சாட்சி நம்முடைய மேகமலையிலேயே இருக்கிறது. 1948-ம் வருஷம் ஆங்கஸ் ஹட்டன் என்கிற தோட்டத்துரை அங்கே ஒரு வவ்வாலைப் பிடித்தார். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. எங்கேயும் காண்கிற சாதாரணப் பழந்தின்னி வவ்வால் என்றே அதற்குப் பேர் எழுதி வைத்துவிட்டார்கள். 24 வருஷம் அப்படியே கிடந்தது. 1972-ல் தாய்லாந்து தேசத்து விஞ்ஞானி கிட்டி தோங்லாங்யா அதை உற்றுப் பார்த்தார். வால் இல்லை, பல்லின் அமைப்பும் வேறு. அறிவியல் அதுவரை அறியாத இனம்! பறவை ஆராய்ச்சியாளர் சலீம் அலியின் பேரை அதற்கு வைத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது.

அதே 1972-ல்தான் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அந்தச் சட்டமோ பழந்தின்னி வவ்வால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்து, தீங்கு செய்யும் பிராணிகளின் பட்டியலில் வைத்தது. பிற்பாடு சலீம் அலி வவ்வாலுக்குப் புலிக்கும் யானைக்கும் உள்ள உயர்ந்த பாதுகாப்பு கிடைத்தது. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தத் தீங்குப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். பாருங்கள், படித்தவர்களே கையில் இருந்ததை இன்னதென்று அறியாமல் 24 வருஷம் வைத்திருந்தார்கள். அப்படியிருக்க, "இது வேண்டாதது" என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

பிரயோஜனம் என்று பார்த்தாலும் வவ்வால் இனத்துக்கு நாம் கடன்பட்டவர்கள். நம் பக்கத்து இலவ மரத்தில் பூ ராத்திரியில்தான் விரியும். பழந்தின்னி வவ்வால்கள் தேன் குடிக்க வந்து, மகரந்தத்தை மேலே ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். நம் தலையணைப் பஞ்சில் அவைகளின் உழைப்பும் இருக்கிறது. அத்திப்பழத்தைத் தின்று, பறக்கிற வழியெல்லாம் விதையைப் போட்டுப் போகின்றன. அந்தக் காடு மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து மூலவைகைக்கு விடுகிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால்தானே கடமலைக்குண்டுக் கிணற்றில் ஊற்று!

ஆனால் பிரியமானவர்களே, லாபம் இருக்கிறதால் மட்டும் காப்பாற்றினால் அது வியாபாரம், உக்கிராணத்துவம் அல்ல. மனுஷன் உண்டாக்கப்படுமுன்னே தேவன் மிருகஜீவன்களைப் பார்த்துத் திருப்தியானார். அப்போது அவைகளால் யாருக்கு என்ன லாபம்? லேவியராகமத்தில் வவ்வால் அசுத்தமானவைகளோடு எண்ணப்பட்டிருக்கிறது, மெய்தான். அது இஸ்ரவேலர் புசிக்கத் தகாதது என்றுதான் அர்த்தம், பிழைக்கத் தகாதது என்றல்ல. நோவாவின் பேழைக்குள் சுத்தமானவைகள் மட்டுமா போயின? அசுத்தமானவைகளும் ஜோடு ஜோடாய்ப் போயின. யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்று நோவா தெரிந்தெடுக்கவில்லை. பேழையைக் கட்டுவதும் உள்ளே சேர்த்துக்கொள்வதும்தான் அவன் வேலை.

"பூமியை ஆளும் அதிகாரம் நமக்குத்தானே?" என்று சிலர் கேட்கலாம். ஊரை ஆளுகிற தலைவருக்கு ஊரைக் கொளுத்த அதிகாரம் உண்டா? ஆதாம் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்பட்டவன். தோட்டம் அவனுக்குச் சொந்தமல்ல.

இன்னொரு கேள்வி கனமானது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மலைக்கிராமத்து ஜனங்கள் "அப்ப நாங்க எங்கய்யா போறது?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. சிருஷ்டியைக் காக்கிற பாரத்தை ஏழையின் தோளில் மட்டும் சுமத்துவது நீதியல்ல. மலையின் காபியைக் குடிக்கிறவர்களும், வைகைத் தண்ணீரில் நெல் விளைவிக்கிறவர்களும் அந்தப் பாரத்தில் பங்கெடுக்க வேண்டும். அதேவேளையில், ஏழையின் பேரைச் சொல்லிக் காட்டை வெட்டி விற்கிறவன் தேவனுக்கு முன்பாகத் தப்ப முடியாது.

நாம் செய்யக்கூடியது என்ன? கோடையில் மலைப்புல்லுக்குத் தீ வைக்கவேண்டாம். இளைப்புக்கு மருந்து என்று வவ்வாலை அடித்துத் தின்னவேண்டாம், டாக்டரிடம் போங்கள். 2018-ல் கேரளாவில் நிபா காய்ச்சல் வந்ததிலிருந்து ஜனங்களுக்குப் பயம் இருக்கிறது. வவ்வால் கடித்த பழத்தைத் தின்னாதிருங்கள், வவ்வாலைத் தொடாதிருங்கள். அதற்காக அது தங்குகிற மரத்தை வெட்டவும் வேண்டாம்.

எஜமான் வந்து, "நான் உண்டாக்கினவைகள் எங்கே?" என்று கேட்கும் நாளில், "எங்களுக்குப் பிரயோஜனப்படவில்லை ஆண்டவரே, அதனால் விட்டுவிட்டோம்" என்றா பதில் சொல்வோம்? சிந்திப்போம்.