யார் கொடுத்த விலை?

தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். தேர்வில் தவறிய மாணவனுக்கும் கடை நொடித்துப்போன வியாபாரிக்கும் அது நல்ல ஆறுதல்தான். அவர்கள் இழந்தது சொந்தக் காலத்தையும் சொந்தக் காசையும். ஒருவர் செய்த பிழைக்கு வேறொருவர் உயிரைக் கொடுத்திருந்தால்? அப்போதும் அதைப் படி என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் கட்டப்பட்ட கியூபெக் பாலத்தின் வரலாறு இந்தக் கேள்வியைத் தவிர்க்க விடாது. 1907 ஆகஸ்ட் 29 மாலை, அன்றைய வேலை முடியப்போகும் நேரம். கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் தென்பகுதி சில நொடிகளில் முறிந்து விழுந்தது. அதன்மேல் நின்ற 86 தொழிலாளர்களில் 75 பேர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். ஒரு சிறிய ஊர் ஒரே மாலையில் இத்தனை ஆண்களை இழந்தது.

பிழை காகிதத்தில் தொடங்கியது. பாலத்தின் நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார்கள். நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடும். அந்த எடையை உரிய நேரத்தில் மறுபடி கணக்கிடவில்லை. தவறு தெரியவந்தபோது இரும்பில் பெரும்பகுதி தயாராகிவிட்டது. ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர், கூடுதல் சுமையைப் பாலம் தாங்கிக்கொள்ளும் என்று வேலையைத் தொடரவிட்டார். அவர் அந்நாளில் பெயர்பெற்ற நிபுணர். உடல்நலம் குன்றியதால் நியூயார்க்கில் இருந்தபடியே மேற்பார்த்தார். தம் முடிவுகளை அரசுப் பொறியாளர் சரிபார்ப்பதை முன்பே எதிர்த்திருந்தார், அரசும் விட்டுக்கொடுத்தது.

இதுவரை நடந்ததை மன்னிக்கலாம் என்று வாதிட இடமுண்டு. அத்தனை நீளத்தில் அப்படிப்பட்ட பாலத்தை அதற்குமுன் யாரும் கட்டியதில்லை. புதிதாக ஒன்றைச் செய்பவன் தவறுவான். தவறியவனையெல்லாம் கூண்டில் ஏற்றினால், அடுத்தவன் தன் தவறை மூடி மறைப்பான். மறைத்த தவறிலிருந்து யாரும் எதையும் கற்க முடியாது. இந்த வாதம் வலுவானது. மருத்துவமனைக்கும் ரயில்வேக்கும் இன்றும் பொருந்துவது.

ஆனால் கணக்கு தவறியதோடு கதை முடியவில்லை. ஆகஸ்ட் மாதம் முழுக்க, பாலத்தின் பாரம் தாங்கும் கீழ் உறுப்புகள் வளைந்துகொண்டிருந்தன. களத்தில் இருந்த இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர் அளந்து பார்த்து எழுதினார். ஓர் உறுப்பில் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு ஒரே வாரத்தில் இரண்டு அங்குலத்தைத் தாண்டியது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வளைந்திருக்கும் என்று பாலத்தைக் கட்டிய நிறுவனத்தார் சாதித்தார்கள். மெக்லூர் நியூயார்க்குக்கே போய்ச் சொன்னபிறகு, மேலும் சுமை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். தந்தி போனது பென்சில்வேனியாவிலிருந்த நிறுவன அலுவலகத்துக்கு. அங்கே கூடிப் பேசியவர்கள் காலையில் முடிவெடுக்கலாம் என்று விட்டார்கள். பாலத்தின்மேல் நின்றவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

அறியாமல் தவறுவது வேறு. கண்முன் இரும்பு வளையும்போது வேலையை நிறுத்த மனம் வராதது வேறு. முன்னதைத் தோல்வி என்று சொல்லலாம். பின்னதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அது பிறர் உயிரை அடகு வைத்து ஆடிய ஆட்டம். இரண்டையும் அனுபவம் என்ற ஒரே கணக்கில் எழுதிவைப்பது பெரிய அநீதி. விபத்தை ஆராய்ந்த விசாரணை ஆணையம் பிழைக்குப் பொறுப்பானவர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பெயர் சொல்லாத விசாரணையால் யாருக்கும் பயனில்லை.

பாலத்தை மறுபடி, முன்னைவிடப் பருத்த உறுப்புகளோடு வடிவமைத்தார்கள். பழைய பிழை திரும்ப வரவில்லை. ஆனால் 1916 செப்டம்பரில் நடுப்பகுதியைத் தூக்கும்போது வேறொரு பாகம் உடைந்து 13 பேர் இறந்தார்கள். பட்ட பாடம் பட்ட இடத்தில் மட்டுமே காக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. 1917 இல் பாலம் நிறைவடைந்தது. 549 மீட்டர் இடைவெளியோடு, தன் வகையில் உலகின் மிக நீண்ட பாலமாக இன்றும் நிற்கிறது. அதன்மேல் ரயில் ஓடுகிறது.

பொறியாளர்கள் அந்த விசாரணை அறிக்கையைப் படிக்கத்தான் வேண்டும், கற்கத்தான் வேண்டும். ஆனால் ஆற்றில் போன அந்த மனிதர்களைத் தங்கள் வெற்றிக்குப் படியாகக் காட்ட எந்த நிறுவனத்துக்கும் உரிமை கிடையாது.