பிரேதம் ஏற மறுக்கும் வண்டிகள்



2025ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி நடந்த பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களின் அடக்கச் சடங்கைத் தொலைக்காட்சியிற் கண்டிருப்பீர்கள். புனித இராயப்பர் பேராலயத்திலிருந்து புனித மரியா மஜோரே பேராலயத்துக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர் தூரம். உரோமை நகர வீதிகளில் அவருடைய பெட்டியைச் சுமந்து சென்றது, கண்ணாடியும் திரையுமிட்ட கறுப்புப் பிரேத ஊர்தியல்ல. உயிரோடிருந்த நாட்களில் மக்கள் நடுவே கையசைத்துக்கொண்டு அவர் ஏறிச் சென்றாரே, அந்த வகை வெள்ளை வண்டியொன்றையே திருத்தி, அதன் பின்புறத்தில் எளிய மரப்பெட்டியை வைத்துக் கொண்டுபோனார்கள். 2014இல் பெத்லகேமில் அவர் பயன்படுத்திய இன்னொரு வண்டியோ, காசாச் சிறுவருக்கான நடமாடும் மருந்தகமாக மாற்றப்பட்டது. ஒன்று பிணம் சுமக்க, மற்றது பிணி தீர்க்க.

மேனாடுகளில் இதற்கு நேர்மாறான ஒரு மோகமும் உண்டு. நல்ல காரொன்றை வாங்கி, கறுப்புப் பூசி, பின்புறத்தை நீட்டி, யன்னலுக்குத் திரையிட்டு, பார்ப்பவர் திடுக்கிடப் பிரேத ஊர்தி போலவே ஆக்கி ஓட்டித் திரிவார்கள். 1971இல் வந்த ‘ஹரோல்ட் அன்ட் மோட்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்தில், தாய் பரிசளித்த அழகிய ஜாகுவார் காரை மகன் உருக்கி ஒட்டிப் பிரேத வண்டியாக்கி விடுகிறான். இது பாவமா என்று கேட்டால், ரசனைக் குறைவு என்பேன். பாவம் என்று துணிந்து சொல்ல மாட்டேன். மரணத்தை நினைவூட்டுவது குற்றமானால், விபூதிப் புதனன்று நம் நெற்றியில் சாம்பல் பூசும் திருச்சபையே முதற் குற்றவாளி. சிலுவையின் அடியில் மண்டையோட்டைத் தீட்டி வைத்தவர்களும் நம் முன்னோரே. துக்க வீட்டார் முன்னால் அந்த வண்டியை ஓட்டிக் காட்டினால் அது அன்புக்கு விரோதம், அவ்வளவுதான். கறுப்பு நிறமும்கூட நமக்கு ஆங்கிலேயர் விட்டுச் சென்ற வழக்கம். இந்த நாட்டில் இழவுக்குக் கட்டுவது வெள்ளைக் கொடியல்லவா? கிறிஸ்தவனின் அடக்கச் சடங்கில் பாஸ்காவின் சாயல் தெளிவாகத் தெரியவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே கூறிவிட்டது.

நிற்க. பிரேத ஊர்தியாக வேடம் போடும் கார்களைப் பற்றி நமக்கென்ன? கண்டி வீதிகளில் அப்படி ஒன்றும் ஓடவில்லை. நம்மிடம் ஓடுவது வேறு வகை: ஒரு மணி நேரத்துக்குக்கூடப் பிரேத ஊர்தியாக இருக்கச் சம்மதியாத வண்டிகள்.

கண்டி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தோட்டத் தொழிலாளி இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலைக் கலஹாவுக்கோ தெல்தோட்டைக்கோ புசல்லாவைக்கோ கொண்டுபோக வேண்டும். மலர்ச்சாலைக்காரர் தூரத்தையும் மலைப்பாதையையும் கணக்குப் பார்த்துக் கூலி சொல்கிறார். மரண உதவிச் சங்கத்தின் பணம் பெட்டிக்கே சரியாகிவிடும். அப்போது மகன், தெரிந்த வான்காரர் ஒருவரிடம் ஓடுகிறான். அவர் நம் பங்கைச் சேர்ந்தவர். வானின் முன்கண்ணாடிக்குக் கீழே புனித அந்தோனியார் சுரூபம் இருக்கிறது. “வண்டி கராஜில நிக்குதே தம்பி” என்கிறார். வண்டி கராஜில் இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

அவர் கெட்டவரல்லர். துக்க வீட்டுக்கு வருவார், செபமாலை சொல்வார், கையில் ஏதாவது வைத்துவிட்டும் போவார். பிரேதம் ஏற்றிய வானைக் கலியாணத்துக்கு யார் பிடிப்பார்கள் என்ற பயம் அவருக்கு. வீட்டிலே தீட்டு என்பார்கள், ராசி போய்விடும் என்பார்கள். லீசிங் கட்ட வேண்டிய வண்டி வேறு. இந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இதற்கு ஞானஸ்நானம் கொடுத்து இதுவும் நம் விசுவாசத்தைச் சேர்ந்தது என்று ஒப்புக்கொள்ள முடியாது.

பழைய சட்டப்படி பிணத்தைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டுள்ளவன். அந்தச் சட்டத்தின் கீழ்ப் பிறந்த ஆண்டவர் நாயீன் ஊர் வாசலில் என்ன செய்தார்? கைம்பெண்ணின் மகனை எழுப்புமுன் அவர் பாடையைத் தொட்டார். ஒரு சொல்லால் எழுப்பக்கூடியவருக்குப் பாடையைத் தொடவேண்டிய அவசியமே இல்லை, இருந்தும் தொட்டார். அரிமத்தியா ஊர் யோசேப்போ, ஓய்வுநாள் நெருங்கிவிட்ட வேளையில், பிறருக்கு அருவருப்பான சிலுவைச் சாவு செத்த ஒருவருடைய உடலைக் கேட்டு வாங்கித் தமக்கென வெட்டி வைத்திருந்த புதுக் கல்லறையிலே வைத்தார். இன்று நாம் புது வானுக்கு அஞ்சுவதைவிட அவர் அஞ்ச அதிகக் காரணம் இருந்தது. தோபித்து சாப்பாட்டை விட்டெழுந்து போய்ப் பிணத்தை எடுத்து வந்ததையும், அயலார் அவரைப் பரிகசித்ததையும் ஞானோபதேச வகுப்பிலே படித்தோம். இறந்தோரை அடக்கம் செய்தல் ஏழு சரீர இரக்கச் செயல்களில் ஒன்று என்று மனப்பாடமும் செய்தோம்.

வேதாகமத்தோடு நிற்கவும் வேண்டாம். இந்தக் கண்டி நகரிலே 1697இல் பெரியம்மை பரவியபோது, அரசனும் வசதியுள்ளோரும் நகரைவிட்டு விலகிப் போனார்கள், நோயாளிகள் கைவிடப்பட்டார்கள். புனித யோசேவ் வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான கர்வாலியோ அடிகளாரும் குடிசை குடிசையாகச் சென்று பணிவிடை செய்து, இறந்தவர்களைத் தாங்களே அடக்கம் செய்தார்கள். அவர்களுக்கு வண்டியும் இல்லை, ராசி பார்க்க நேரமும் இல்லை. 1711 ஜனவரி 16இல் அடிகளாரும் இதே நகரில் இறந்து இங்கேயே அடக்கம் பண்ணப்பட்டார். அந்த இடம் எது என்று இன்று எவருக்கும் தெரியாது.

தோட்டங்களிலே ராசி பாராத வண்டி ஒன்று உண்டு: கொழுந்து லொறி. காலையில் கொழுந்து, அவசரத்துக்குப் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண், இன்னொரு நாள் பிரேதம். இதைப் புகழ்ந்து எழுத எனக்கு மனமில்லை. மனிதருக்கென்று ஒரு வண்டி கொடுக்காதபடியாலேதான் நோயாளியும் பிணமும் கொழுந்தோடு கொழுந்தாகப் போக நேர்ந்தது. அந்த அநியாயத்தைப் பற்றி இன்னொரு முறை பேசவேண்டும். ஆனாலும் பிரேதம் ஏறிய லொறியில் வந்த தேயிலையை எவரும் வேண்டாமென்று கொட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

புது வாகனத்தை ஆசீர்வதிக்கக் கோவிலுக்குக் கொண்டுவருகிறவர்களிடம், தீர்த்தம் தெளிக்குமுன் நான் ஒன்று கேட்பதுண்டு: “யாராவது கஷ்டப்பட்டவர்கள் பிரேதம் கொண்டுபோகக் கேட்டால் இதைக் கொடுப்பீரா?” சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் முகம் மாறிவிடும். ஒருவர் மட்டும் சற்று யோசித்து, பின்னாலே நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்: “குடுக்கிறேன் சாமி. வீட்டுக்காரிகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க.”